என் பையில் முப்பத்தோரு கையெழுத்து

எங்கள் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். அத்தனைக்கும் பதினோரு வருடமாக நான்தான் தலைவி. ஆசை ஆசையாக யாரும் என்னைத் தேர்ந்தெடுத்துவிடவில்லை. உரிமையாளர் கூட்டத்தில் "யார் பொறுப்பை எடுத்துக்கொள்வது?" என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் குனிந்து தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் தேர்தல்.

அதற்கு முன்னால் முப்பது வருடம் இதே புர்னோ நகரத்தில் டிராம் ஓட்டினேன். கதவு மூடும் நேரத்தில் ஓடிவருகிற ஒருவனுக்காகக் காத்திருந்தால் மறுநாள் ஊரே ஓடிவரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் கட்டடத்திலும் கறார்தான். படிக்கட்டில் சைக்கிளை நிறுத்தினால் கண்டித்து ஒரு காகிதம் ஒட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் பொரிப்பதற்காக இறைச்சியைச் சத்தமாகத் தட்டி மெலிதாக்கினால் அதற்கும் ஒரு காகிதம். நான் படியிறங்கினால் கீழே பேச்சு நின்றுவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பொய் சொல்வானேன்.

தரைத்தளத்தில் ஒரு பழைய சலவை அறை உண்டு. வீட்டுக்கு வீடு துவைக்கும் இயந்திரம் வந்தபிறகு அது சும்மாதான் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நகர அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தனியாக வாழ்பவர்கள் அதிகமுள்ள குடியிருப்புகளில் இடத்துக்கு ஒரு கலைஞரை உட்காரவைக்கப் போகிறார்களாம். வாடகையும் கலைஞருக்கு அரைச் சம்பளமும் நகரத்தின் பொறுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற ஜனங்களை வெளியே வரவைப்பது கலைஞரின் பொறுப்பு. இரண்டு பக்கக் கடிதத்தில் 'சமூகப் பிணைப்பு' என்ற சொல் ஒன்பது இடத்தில் வந்தது.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் ரொசாலியே. வயது இருபத்தொன்பது, நாடக மேடை அமைக்கப் படித்தவள், தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்பவள் என்பது பார்த்தாலே தெரியும். அவள் வீடுவீடாகப் போய் ஒரு காலணிப் பெட்டி கேட்டாள். அந்தப் பெட்டிக்குள் அவரவர் வீட்டை அவரவரே செய்ய வேண்டும். மேசை, கட்டில், திரைச்சீலை எல்லாம். பிறகு பெட்டிகளை மாடிவாரியாக அடுக்கினால் எங்கள் கட்டடமே மேசைமேல் நிற்கும்.

"ஊர்ப் பணத்துல பொம்மை வீடு," என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பொம்மை வீடுதான் என்று ஒத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த அறைமேல் வேறொரு கண் இருந்தது. இப்போதெல்லாம் யாரும் கடைக்குப் போவதில்லை. எல்லாம் பார்சலில் வருகிறது. பார்சல்காரன் வரும்போது யாரும் வீட்டில் இருப்பதில்லை. எல்லாப் பார்சல்காரர்களும் என் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள். என் வீட்டு நடையில் அடுத்தவர் வீட்டு நாய்த் தீனி, அடுத்தவர் வீட்டுக் காலணி, ஒரு தடவை அடுத்தவர் வீட்டுக் கழிப்பறை மூடி. ஒரு பார்சல் நிறுவனம் வந்து, அந்த அறையைக் கொடுத்தால் தானே திறந்துகொள்ளும் பெட்டிகளை வரிசையாக வைத்துத் தருகிறோம் என்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நகரத்துடன் போட்ட ஒப்பந்தத்தை முறிக்க வேண்டுமென்றால் செப்டம்பர் முடிவதற்குள் கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்து எழுதி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அது தானாகவே இன்னொரு வருடம் ஓடும். செப்டம்பர் கடைசி வெள்ளி மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒட்டியது ஜூன் மாதத்தில். எதையும் முன்கூட்டியே செய்கிறவள் நான்.

ஜூலையில் ஒரு காலை பத்து மணிக்குச் சலவை அறையில் விளக்கு அநாவசியமாக எரிவதைப் பார்த்துச் சண்டை போடப் போனேன். ரொசாலியே ஒரு பெட்டியில் ஜன்னல் வெட்டிக்கொண்டிருந்தாள். கோணல்மாணலாக வந்திருந்தது. என்னைப் பார்த்ததும், அளவுகோலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். பிடித்தேன். அப்புறம் கத்தியையும் வாங்கிக்கொண்டேன், அவள் வெட்டுகிற அழகு பார்க்கச் சகிக்கவில்லை. மணி ஒன்றாகிவிட்டது. கணவர் போய் ஆறு வருடத்தில் மூன்று மணி நேரம் கடிகாரத்தைப் பார்க்காமல் நான் இருந்தது அன்றுதான்.

அதன்பிறகு செவ்வாயும் வியாழனும் காலையில் போவேன். மற்றவர்கள் மாலையில்தான் வருவார்கள், அதனால் யாருக்கும் தெரியாது. ரொசாலியேயும் வாய் திறக்கவில்லை. பெட்டிகளின் ஜன்னல் எல்லாம் என் கைவேலை. வெட்டும்போது உள்ளே பார்க்காமல் இருக்க முடியுமா? எனக்கு நேர்மேலே நான்காம் மாடியில் இருப்பவர் லுபோர், புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒட்டிய காகிதங்களில் பாதி அவருக்குத்தான். அவர் பெட்டியில் நாற்காலிக் கால் ஒவ்வொன்றுக்கும் கம்பளித் துணியில் குட்டிக் குட்டி உறை போட்டிருந்தார். தரை முழுக்க இரண்டு அடுக்குக் கம்பளம். இது எதற்கு என்று ரொசாலியேயிடம் கேட்டேன். நிஜ வீட்டிலும் அப்படித்தானாம், கீழே இருப்பவருக்குத் தொந்தரவாகக் கூடாதென்று எட்டு வருடமாக அப்படித்தானாம். அன்றைக்கு நான் வெட்டிய ஜன்னல் சரியாக வரவில்லை.

அப்படியானால் கூட்டத்தை ரத்துசெய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். ஆனால் பலகையில் என் கையெழுத்தில் ஒட்டிய காகிதத்தை நானே கிழித்தால் அப்புறம் என் பேச்சை யார் மதிப்பார்கள்? வீம்புதான், வேறென்ன.

ஜூனில் தேதி குறித்தவளுக்குச் செப்டம்பர் மழை எப்படித் தெரியும்? பத்து நாள் கொட்டிவிட்டு வியாழனன்று இதமான வெயில் அடித்தது. காடெல்லாம் காளான் முளைத்துக் கிடக்கிறது என்று செய்தி. போதாக்குறைக்குச் சனிக்கிழமை புனித வாட்ஸ்லாவ் திருநாள் விடுமுறை. இந்த ஊரில் அப்படியொரு வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் போடுகிறவளை என்னவென்று சொல்வது? மற்ற நாளில் கார் நிறுத்த இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். அன்று மதியம் வாசலில் ஒரு காரும் இல்லை. எல்லோரும் காளான் பறிக்கக் காட்டோரத்துக் குடிலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது ஒவ்வொருவராக என் கதவைத் தட்டி ஓர் அதிகாரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் படிவத்தைப் பலகையில் வைத்ததும் நான்தான். 'கூட்டத்தில் என் சார்பில் தன் விருப்பப்படி வாக்களிக்க' என்று அதில் அச்சாகியிருந்தது. கடைசியாக வந்தவர் லுபோர். கையில் கூடை, காலில் ரப்பர் பூட்ஸ்.

"நீங்க பாத்துக்குவீங்கல்ல, தலைவியம்மா?"

"எதைப் பாத்துக்கணும்?"

"எல்லாத்தையும்தான்," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனார். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. பாதிக்கும் மேலே. அந்தக் கட்டடம் முழுவதும் என் கைப்பைக்குள் இருந்தது. நான் கையைத் தூக்கினால் அறை போய்விடும், அறையோடு ரொசாலியேயும் போய்விடுவாள்.

ஐந்து மணிக்குச் சலவை அறையில் ஐந்து பேர். நான், ரொசாலியே, குறிப்பெடுக்க நிர்வாக நிறுவனம் அனுப்பிய ஒரு பையன், காது சரியாகக் கேட்காத முதல் மாடித் தம்பதி. ரொசாலியே காலையிலிருந்து உட்கார்ந்து அறுபது ரொட்டித் துண்டுகளில் உருளைக்கிழங்கு சாலட் தடவி, மேலே முட்டையும் ஊறுகாயும் வைத்துத் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருபத்தாறு பெட்டிகள், கட்டி முடிக்காத கட்டடம்போல நின்றன. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிலும் கிடையாது, காளானும் பிடிக்காது அவளுக்கு. யாரும் ஏன் வரவில்லை என்று எப்படித் தெரியும், பாவம்.

விதிப்படி அரை மணி காத்திருந்தோம். அதற்குள் அந்தப் பையன் ஏழு துண்டு சாப்பிட்டுவிட்டான். பிறகு மடிக்கணினியைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"கோரம் இல்லீங்க, ஆள் எண்ணிக்கை போதாது. யாராச்சும் உங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்காங்களா, தலைவியம்மா?"

பை என் மடியில் இருந்தது. அறை வேண்டாம் என்று வாக்களிக்க எனக்கு மனசு வரவில்லை. வேண்டும் என்று வாக்களித்தால், நம்பிக் கொடுத்துவிட்டுப் போன முப்பத்தோரு பேரின் முதுகில் குத்துவது. அவர்களுக்கு வேண்டியது பார்சல் பெட்டிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல," என்றேன்.

கூட்டத்தில் நான் சொன்ன முதல் பொய். என் காது இரண்டும் சூடாகிவிட்டது. பையன் கூட்டம் நடக்கவில்லை என்று நாலு வரி தட்டினான், எட்டாவது துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தம்பதி எதற்கோ கைதட்டிவிட்டுப் போனார்கள்.

ரொசாலியே தட்டுகளை மூடக்கூட இல்லை. "ரெண்டு வருஷம் இருந்தேன்," என்றாள். "ஒருத்தர்கூட வரலியே."

"கோரம் இல்லன்னா தீர்மானம் இல்ல. தீர்மானம் இல்லன்னா உனக்கு இன்னும் ஒரு வருஷம். மூக்கைத் துடைச்சிக்கிட்டு அந்த முட்டைய எல்லாம் குளிர்பெட்டியில வை."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தாள். பை எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

சனிக்கிழமை முழுக்க நிம்மதியில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு காகிதம் எழுதினேன், கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதில் என்னையும் அறியாமல் அவர்களைக் கண்டித்திருந்தேன். அதையும் கிழித்தேன். நேரிலேயே சொல்லிவிட்டுத் தலைவர் பொறுப்பையும் விட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன்.

ஞாயிறு மாலை கார்கள் திரும்பின. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சலவை அறையில் விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தால் உள்ளே பத்துப் பதினைந்து பேர், சேற்றுப் பூட்ஸும் காளான் கூடையுமாக. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார்கள். அடுக்கிலிருந்து அவரவர் பெட்டியை உருவிக்கொண்டிருந்தார்கள். லுபோர் தன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னு வந்தோம், தலைவியம்மா," என்றார் லுபோர். "குப்பையில போடறதுக்கு முன்னாடி."

"யாரு குப்பையில போடப் போறா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

"இவ்வளவு ஆசை இருந்தா எதுக்கு எங்கிட்ட எழுதிக் குடுத்தீங்க? ஒரு நாள் காளான விட்டுட்டு வந்து அறை வேணும்னு கைதூக்க வேண்டியதுதானே?"

லுபோர் பெட்டியைப் பார்த்தபடி பேசினார். "நீங்க வேண்டாங்கறப்ப எதுக்க உக்காந்து வேணும்னு சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்ல. பார்சலுக்கு ஒரு இடம் வந்தா சௌகரியம்தானேன்னும் ஒரு பக்கம் இருந்துச்சு. உங்ககிட்ட குடுத்துட்டா நீங்க பண்ணினதாப் போயிடும். எங்க தலையில விழாது."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட வலி அதிகம். பதினோரு வருடம் என் குணத்தால் சம்பாதித்த கெட்ட பெயர் என்று நினைத்திருந்தேனே, அதில் பாதி இவர்கள் என்னிடம் கொடுத்துவைத்தது. பையைத் திறந்து மேசைமேல் கொட்டினேன்.

"இத வெளியிலயே எடுக்கல. என்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு பொய் சொன்னேன். கூட்டம் நடக்கல. அறை இன்னும் ஒரு வருஷத்துக்கு இங்கதான் இருக்கும். இந்தப் பெட்டிங்கள்ல இருக்கற ஜன்னல் அத்தனையும் நான் வெட்டினது, அதையும் தெரிஞ்சிக்குங்க."

ஒரு கூடையிலிருந்து காளான் ஒன்று உருண்டு விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

"நாங்க எல்லாரும் வந்து உக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று லுபோர் கேட்டார்.

"வேண்டாம்னுதான் கைதூக்கியிருப்பேன். நீங்க பாத்துக்கிட்டு இருக்கறப்ப எனக்கு வேற என்ன வரும்?"

ஆறாம் மாடியிலிருக்கும் நர்ஸ் இவோனாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். கடைசியாக நானும், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"காகிதத்த எல்லாம் திருப்பி எடுத்துக்குங்க," என்றேன். "இனிமே யார் கையெழுத்தும் எனக்கு வேண்டாம். ஒண்ணு வேணும்னாலும் வேண்டாம்னாலும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

குனிந்த தலையோடு ஒவ்வொருவராகத் தங்கள் காகிதத்தைத் தேடி எடுத்தார்கள். லுபோர் பெட்டியை அதன் இடத்தில் வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்து என் பெயரைச் சொன்னார்.

"அறை வேணும், டிராஹா."

"எனக்கும் வேணும்," என்றாள் இவோனா. அவளுக்குப் பின்னால் சேற்றுக் கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. அவர்களுக்கு எதிரே நின்றிருந்த நானும் என் கையைத் தூக்கினேன்.