ஜிப் கவரில் ஏறாத பாட்டுப் புத்தகம்

அமெரிக்காவில், மில்பிடாஸ் தமிழ் லுத்தரன் சபையில் பால்துரை ஓர் இடத்தில் அடங்கி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை கேட்கவே வேண்டாம். மகள் ஜோவானாவைப் பெண் கேட்டு ஜோபினும் அவன் அம்மா தனபாக்கியமும் சான் ஹோசேயிலிருந்து வருகிறார்கள். பையன் நல்ல வேலை, நல்ல உயரம், ஆனால் ஆர்.சி., கத்தோலிக்கன். தம் சபையில் நாலு பேர் காதைக் கடிப்பார்களே என்றுதான் பால்துரைக்குக் கவலை.

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் கிடையாது. அதனால் ஓர் ஏற்பாடு. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் அச்சான லுத்தரன் பாட்டுப் புத்தகம் ஒன்றை இணைய ஏலத்தில் பிடித்திருந்தார். அதை டீப்பாயில் வைத்து, நாங்கள் எப்பேர்ப்பட்ட லுத்தரன் குடும்பம் என்று பேச்செடுத்தால், இந்தச் சம்பந்தம் ஒத்துவராது என்று வந்தவர்களுக்கே புரிந்துவிடுமாம். திருச்சியில் அவர் குடும்பம் லுத்தரன் ஆனதே தாத்தா காலத்தில்தான் என்று மனைவி ஞானமணி சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் வாங்கவில்லை.

வேதப்புத்தகமோ பாட்டுப் புத்தகமோ, ஜிப் கவர் போடாமல் நம் ஆட்கள் விடுவார்களா? சென்னையிலிருந்து வந்த ரெக்சின் கவர், பொன்னெழுத்தில் வசனம் போட்டது. புத்தகம் அதைவிட ஒரு விரல் தடிமன். அட்டையை மடக்கிச் செருகி, முழங்காலால் அமுக்கி ஜிப்பை இழுத்தார். புத்தகத்தின் முதுகு படக்கென்று விட்டது.

பிளந்த தோலுக்கு உள்ளே வேறொரு தாள் ஒட்டியிருந்தது. சிவப்பும் கறுப்புமாக லத்தீன் அச்சு. நாலு இடத்தில் மரியா என்ற பெயர்.

விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்தார். அந்த ஆள் அலட்டிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் ஊர் லுத்தரனுக்கு மாறியதும் பழைய கத்தோலிக்கப் புத்தகங்கள் எடைக்குப் போயின, பைண்டர்கள் வாங்கிக் கிழித்து முதுகுக்கு ஒட்டினார்கள், இதெல்லாம் சகஜம் என்றார். உடைத்ததைத் திரும்ப எடுக்க மாட்டாராம்.

கராஜுக்கும் ஹாலுக்கும் நடந்து, எங்கே ஒளிப்பது என்று முடிவு செய்வதற்குள் காலிங் பெல் அடித்தது. புத்தகம் கையிலேயே இருந்தது.

தனபாக்கியம் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் லத்தீனிலேயே ஜெபம் சொல்லி வளர்ந்தவள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணே, இது எங்க மாதா பிரார்த்தனைல்ல?"

"ஒண்ணுமில்லம்மா, வேஸ்ட் பேப்பர். பைண்டிங்குக்கு ஒட்டினது."

ஜோவானாவுக்குத் தமிழ் வாயில் வராது. காதில் எல்லாம் ஏறும். "வேஸ்ட் பேப்பர்? டாட், சீரியஸ்லி?" என்றாள். ஜோபின் தரையைப் பார்த்தான்.

தனபாக்கியம் கோபப்படவில்லை. "வேஸ்ட்டோ என்னவோ, இத்தனை வருஷம் உங்க பாட்டை உதிராம புடிச்சிட்டிருந்தது அதானே அண்ணே. நீங்கதான் ஒடைச்சுட்டீங்க."

ஞானமணி சிரிப்பை மறைக்க அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பால்துரை போய் ஜன்னல் பிளைண்ட்ஸைத் திறந்தார், மூடினார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று முடியாது என்றால் இந்தப் பெண் பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கல்யாணத்தை எந்தக் கோயில்ல வைக்கிறதா இருக்கீங்க?" என்று தனபாக்கியத்திடம் கேட்டார்.

"எங்க கோயில்ல பூசை. சாயங்காலம் உங்க பாஸ்டர் ஜெபம் பண்ணட்டும்."

"பூசையெல்லாம் சரிப்படாது. எங்க சர்ச்ல ஆராதனை. உங்க ஃபாதர் வேணும்னா வந்து ஆசீர்வாதம் பண்ணட்டும்."

அந்த அம்மாளும் விடவில்லை, இவரும் விடவில்லை. யார் முதலில் ஜெபிப்பது, தாலியா மோதிரமா, எந்தத் தேதி என்று பால்துரை சோபா நுனியில் உட்கார்ந்து வழக்காடினார். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே அப்பா தேதிவரை வந்துவிட்டதை ஜோவானாதான் முதலில் கவனித்தாள். மெதுவாகப் போய் ஜோபின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பால்துரை பார்த்தும் பார்க்காதவர் மாதிரி, ஃபாதர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிப்பவர்தானா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.