பச்சைக் கதியால் அலுவலகம்

கிளிநொச்சியில், ஏ-9 வீதியோரம் பழைய அரிசி ஆலைக்குள் இயங்கும் மென்பொருள் நிறுவனமொன்றின் தடுப்புகள், ஐப்பசி இரண்டாவது திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு இலை விட்டன. பத்து மணிக்குள் வேரும் விட்டன. வேர்கள் தடுப்புகளின் அடியில் உருளுகிற சில்லுகளைச் சுற்றிக்கொண்டு சீமெந்துத் தரைக்குள் இறங்கின. தரையில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. அங்கே வேலை பார்த்த இருபத்திரண்டு பேரும் எழும்பி வந்து பார்த்தார்கள், பிறகு தேத்தண்ணி குடித்தார்கள்.

குற்றம் என்று பார்த்தால் அது தச்சர் ராஜரத்தினத்தையே சேரும். அவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஆலையின் உள்வடிவமைப்பைப் பொறுப்பேற்றிருந்தவள் உருத்திரபுரத்து நிரோஜா. அவளுக்கு இது முதல் வேலை. நிலையான சுவரே இல்லாத ஒரே மண்டபம், ஆட்கள் கூடக் கூட உருட்டி இடம் மாற்ற ஆளுயரத் தடுப்புகள்: இதுதான் அவள் கீறிக் கொடுத்த படம். படத்தில் தடிகள் நெருக்கமாக நின்றன. ராஜரத்தினம் அதை வேலி என்று விளங்கிக்கொண்டார். வேலிக்குக் காய்ந்த தடி வைக்கிற மனுசன் வன்னியில் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அன்று காலை வெட்டிய, ஊன்றினாலே வேர் விடுகிற பச்சைச் சீமைக்கிளுவைக் கதியால்களைச் சட்டத்தில் அடித்து, சில்லும் பூட்டி, வழக்கப்படி மேல்நுனிக்குச் சாணியும் வைத்து அனுப்பிவிட்டார்.

“ஐயா, நான் கேட்டது அசையிற தடுப்பு,” என்றாள் நிரோஜா.

“அசையத்தானே பிள்ளை சில்லுப் பூட்டினனான். வேர் விட்டதுக்கு நான் என்ன செய்ய? மண் அப்பிடி.”

“இது கொங்கிறீற் ஐயா.”

“அதுக்குக் கீழ என்ன கிடக்கு?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுவனம் புதுசாகப் பதினெட்டுப் பேரை எடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது மேசை போட இடம் வராவிட்டால் பதினெட்டுப் பேரும் கொழும்புக் கிளைக்கு என்று முதலாளி தில்லைநாதன் சொல்லியிருந்தார். பதினெட்டில் ஒருத்தி நிரோஜாவின் தங்கை யதுர்ஷிகா. ஒரே அறையில் படுத்து, ஒரே சீப்பால் தலை இழுத்து, ஒரே சைக்கிளுக்குச் சண்டை பிடித்து வளர்ந்தவர்கள்.

செவ்வாய்க்கிழமை வாளோடு வந்து ராஜரத்தினம் நாலு கதியாலை அறுத்தார். புதன் காலை அந்த இடங்களில் இரண்டிரண்டாய் எட்டு நின்றன. இருந்த இடமும் குறைந்தது. “நீ என்னைக் கொழும்புக்கு அனுப்பத்தானே இதைக் கீறினனி,” என்று யதுர்ஷிகா சோற்றுக் கோப்பைக்கு முன்னாலிருந்து சொன்னாள். “வாயை மூடிக்கொண்டு சாப்பிடு,” என்றாள் தமக்கை. இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

புதன் மத்தியானம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. குடிதண்ணீர்க் குழாய் ஒழுகுகிற மூலையில் நின்ற தடுப்பு, வேரோடும் இலையோடும், ஈரத்தை நோக்கி ஒரு சாண் நகர்ந்திருந்தது. நிரோஜா நாடாவால் அளந்தாள். சரியாக ஒன்பது அங்குலம். வாய்க்கால் தண்ணியில் வளர்ந்த பிள்ளைக்கு அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. படத்தின் பின்பக்கத்தில் மண்டபத்தை வயலாகக் கீறினாள். எந்தத் தடுப்பு எங்கே போகவேண்டுமோ அந்த வழியில் ஈரச்சாக்கு விரித்தாள். எந்த மணிக்கு எந்தச் சாக்குக்கு யார் தண்ணி ஊற்றுவது என்று முறை எழுதி ஒட்டினாள். இருபத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் கமக்காரரின் பிள்ளைகள். வாளி தூக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வேலிகள் மணிக்கு இரண்டு அங்குலம் நடந்தன.

வயலில் நடக்கிற சண்டை மண்டபத்திலும் நடந்தது. பரிசோதனைப் பிரிவுத் தர்ஷன் முறை தவறி அரை வாளி ஊற்றித் தன் பக்கத்தை இரண்டடி அகட்டிக்கொண்டான். “எங்கட பக்கம் வெயில் கூட, அதுதான்,” என்றான். “உன்ர கொப்பரும் வாய்க்காலடியில இதைத்தான் சொல்லுறவர்,” என்று தில்லைநாதன் அவனுடைய அடுத்த இரண்டு முறையையும் வெட்டினார்.

வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு முப்பத்தொன்பது மேசைகள் போட்டாயிற்று. நாற்பதாவதுக்கு ஒன்றரை அடி குறைந்தது. கடைசித் தடுப்பு சாக்கு நனைய நனைய அசையாமல் நின்றது. யதுர்ஷிகா கதிரையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லைநாதன் கொழும்புக்குப் போன் எடுக்க வெளியே போனார். நிரோஜா ஐந்தாவது வாளியைத் தூக்கினாள்.

“நீ எத்தினை தரம் ஊத்தினாலும் வராது,” என்றார் ராஜரத்தினம். “குடியிருக்கப் போறது நீயில்லையே. வாளியை அவளிட்டக் குடு.”

யதுர்ஷிகா கதிரையை வைத்துவிட்டு வாளியை வாங்கி, சாக்கில் மெதுவாக ஊற்றினாள். தடுப்பு அவளைப் பார்த்து ஒன்றரை அடி வந்தது. பிறகு, கேளாமலே, கால் நீட்ட இன்னொரு சாண் விட்டது. வெளியே நின்று அதைப் பார்த்த தில்லைநாதன், பேச்சைப் பாதியில் விட்டுப் போனை வெட்டினார்.

இப்போது அங்கே அறுபத்தைந்து பேர். கூட்ட அறை மாரியில் மேற்கேயும் கோடையில் தண்ணித் தாங்கியடியிலும் நிற்கும். வருகிறவர்கள் அது இன்றைக்கு எங்கே என்று வாசலில் கேட்டுக்கொண்டு போவார்கள். சனிக்கிழமைகளில் ராஜரத்தினத்தின் மனைவி மீனம்மா ஆடுகளைக் கொண்டுவந்து கிளைகளைத் தின்னவிடுவாள். வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல்நாளே கதிரையும் கணினியும் ஒரு தண்ணி முறையும் கொடுக்கிறார்கள். யதுர்ஷிகாவின் முறை புதன்கிழமை, காலை எட்டரைக்கு.