விரிப்பின் மறுமுனை

என் அக்காவைப் போல ஓர் அழுத்தக்காரியை நான் கண்டதில்லை. பிழைக்க வந்த வெளிநாட்டில் இருவருக்கும் ஒரே சலவை ஆலையில் வேலை. படுக்கை விரிப்பைத் தேய்க்கும் சூடான உருளை அவளுடைய வலது கையை உள்ளே இழுத்தபோதுகூட அவள் வாய் திறக்கவில்லை. ஆலையே அதிரக் கத்தியது நான்தான்.

புண் ஆறியது, விரல்களில் பழைய பிடிதான் வரவில்லை. அந்தக் கையோடே வேலைக்கு வந்துவிட்டாள். கை சரியில்லை என்றால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று மேற்பார்வைக்காரி அவள் காதில் ஓதியிருந்தாள். இனி இந்த வேலை முடியாது என்று அரசாங்க டாக்டர் எழுதினால் ஆயுசுக்கும் உதவித்தொகை உண்டு என்று தொழிலாளர் சங்கத்து அம்மா படித்துப் படித்துச் சொன்னார். அக்கா நம்பவில்லை. சும்மா இருப்பவளுக்கு எந்த மகராசன் காசு கொடுப்பான் என்று சிரித்தாள். ஊரில் அவள் மகளும் எங்கள் அம்மாவும் அவள் கையை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள்.

சங்கத்து அம்மாவே மனுப் போட்டார். டாக்டர் பார்க்கும் நாளும் வந்தது. மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண். உறவுக்காரி குறுக்கே பேசினால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று என்னை முதலிலேயே எச்சரித்துவிட்டார்கள். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஒவ்வொரு விரலாக அழுத்தினார். வலிக்கிறதா என்று தொலைபேசிக் குரல் கேட்டது. "ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அக்கா. மணிக்கட்டை வளைத்தார். அதற்கும் ஒன்றும் இல்லையாம். நெற்றியில் வேர்வை வழிய, முகத்தில் சிரிப்பு வேறு! குரல் சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொன்னது, அதைக் குற்றம் சொல்லி என்ன? டாக்டர் தலையாட்டிக்கொண்டே பேனாவை எடுத்தார். கை நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் உதவித்தொகை போச்சு. பிடி தளர்ந்த கையோடு எத்தனை நாள் ஆலையை ஏமாற்றுவாள்? பிறகு வேலையும் போச்சு.

எழுதுவதற்கு முன் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். விரிப்பு மடிப்பதாகச் சொன்னாள். அவர் கட்டிலில் கிடந்த விரிப்பை உருவி அவளிடம் ஒரு முனையும் என்னிடம் மறுமுனையும் கொடுத்து, ஆலையில் செய்வதுபோலச் செய்யச் சொன்னார்.

ஆலையில் இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்து வெடுக்கென்று இழுக்க வேண்டும், அப்போதுதான் சுருக்கம் போகும். அவள் அடிபட்டு வந்ததிலிருந்து நான் இழுப்பதுபோல் பாவனைதான் செய்துவந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். மெதுவாக, என்று அந்தக் கண் சொன்னது.

என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தேன்.

அவள் விடவில்லை. விரல்கள் வெளுத்தன, தோள்வரை நடுங்கியது, கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. அப்போதும் விடவில்லை. இத்தனை வலியை வைத்துக்கொண்டா தினமும் என் எதிரே நின்றாள்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது.

"வலிக்குதுடி," என்றாள். "அன்னைக்கிலேருந்து வலிக்குது."

அப்புறம் மடை திறந்ததுபோல எல்லாம் வந்தது. தூக்கம் இல்லாதது, தலை பின்ன முடியாதது, டம்ளர் நழுவுவது. குரல் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்ல, டாக்டர் அவள் கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்தியபடி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கையை அப்படி யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் நிதானமாகப் பேசினார். குரல் தமிழில் சொன்னது: "இனி இந்த வேலை உங்களால முடியாதுன்னு எழுதறாராம். ஆலை மெஷின்லதானே கை போச்சு, அதனால மாசாமாசம் பணம் வரும். நீங்க ஊருக்குப் போயிட்டாலும் வரும்."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். தொலைபேசி பக்கம் குனிந்தாள்.

"தாயே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

குரல் இன்னொரு தடவை சொன்னது. இந்த முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கடைசியில் "அக்கா" என்றும் சேர்த்துக்கொண்டது.