எலோடியா திருடிய எழுபத்திரண்டு கிராம்

மான்டெர்ரி இரும்பாலை கேன்டீன் சுவரில் காலையிலேயே ஒரு தாள் தொங்கியது. "மச்சாக்கா: உப்பு மிக அதிகம். திங்கள் முதல் காலை உணவு ஓட்ஸ் கஞ்சி."

உப்புக்கண்டத்தை இடித்து, தக்காளி, மிளகாயோடு வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிப் பதினேழு வருடமாக மச்சாக்கா கிண்டுகிற கேன்டீன் ஒப்பந்தக்காரி எலோடியாவுக்கு வயிறு எரிந்தது. உலை முன்னால் எட்டு மணி நேரம் வேர்த்துக் கொட்டுகிறவனுக்குக் கஞ்சியாம், கஞ்சி! எந்தப் புண்ணியவான் யோசனையோ?

தாளைக் கிழித்துக்கொண்டு சத்துணவு நிபுணர் யத்சிரியிடம் போனாள்.

"யாரும்மா இந்தக் கணக்கப் போட்டது?"

"நான்தாங்க, எலோடியாம்மா. ஒப்பந்தத்துல தட்டுக்கு நூறு கிராம் மாட்டுக்கறின்னு இருக்கு. நூறு கிராம் உப்புக்கண்டத்துல எவ்வளவு உப்பு இருக்கும்னு பாருங்க..."

"நூறு கிராம் உப்புக்கண்டமா? ஒருத்தன் அவ்வளவையும் தின்னா குடல் வெந்துடும்! வா, நிறுத்துப் பாரு."

அவளைப் பரிமாறும் மேசைக்குக் கூட்டிவந்து, ஒரு தட்டுக்குப் போடுகிற கைப்பிடி உப்புக்கண்டத்தை அப்படியே தராசில் வைத்தாள். இருபத்தெட்டு கிராம். யத்சிரி அங்கேயே அந்தத் தாளில் மறுபடி கணக்குப் போட்டாள். உப்பு ஏறக்குறைய கால்பங்காக இறங்கியது. இரண்டு முட்டையும் சேர்த்துப் புரதம் முப்பத்துமூன்று கிராம்.

"தப்பு என்னோடதுதான், மன்னிச்சிருங்க. ஓட்ஸ் இதுக்குப் பக்கத்துலகூட வராது."

எலோடியாவுக்கு மூச்சு வந்தது. அதற்குள் ஆலை மேலாளர் இன்ஜினியர் பெர்மூதெஸ் வந்து திருத்திய தாளை வாங்கிப் படித்தார். தலைநகரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"நூறு கிராம்னு கையெழுத்துப் போட்டுட்டு இருபத்தெட்டுதான் போடுறீங்களா? மிச்சம் எழுபத்திரண்டு யார் வீட்டுக்குப் போகுது?"

சாப்பாட்டு வரிசை மொத்தமும் திரும்பியது. ஒரு முட்டையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவளை, இத்தனை பேர் முன்னால், திருடி என்கிறான்! யத்சிரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எலோடியா கையைக் காட்டித் தடுத்தாள்.

காலி டம்ளரைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, சரியாக எழுபத்திரண்டு வரும்வரை தண்ணீர் ஊற்றினாள். அதைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தாள்.

"தட்டுக்குப் பச்சைக்கறி நூறு கிராம்தான் வாங்குறேன், இன்ஜினியர். மொட்டைமாடி வெயில்ல காயப்போட்டா இவ்வளவுதான் காணாமப் போகும். நான் திருடுனது இதுதான். குடிங்க."

வரிசையில் ஒருவரும் நகரவில்லை. பெர்மூதெஸ் சுற்றிலும் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்துக் குடித்தார்.