ரெண்டாவது விசில்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவை எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவர் ஒன்று. அதிலிருக்கும் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஒரு காலையில் கிணுகிணுவென்று நடுங்க ஆரம்பித்தன. குடவாசலில் பூகம்பம் வந்து நான் கேள்விப்பட்டதில்லை. எனவே காரணம் மலர்க்கொடி வீடுதான் என்று முடிவுகட்டி, உறைமோர் கேட்கிற சாக்கில் கிளம்பினேன். (என் வீட்டில் உறைமோர் இருந்தது. கதை எழுதுகிறவள் வெறுங்கையோடு போகலாமா, கிண்ணமாவது வேண்டாமா?)

முதல் வரி என்று முதலில் எழுதியது இது: "தங்கையன் அந்த மெஷின் மீது ஏறி நின்றதும், அவர் கண்முன்னே பழைய நாட்கள்…"

அடித்துவிட்டேன். தங்கையன் ஏற மாட்டேன் என்கிறார். கதையே அதுதான்.

2

மெஷின், எடை பார்க்கும் கருவிக்கு அண்ணன் மாதிரி இருந்தது. மேலே ஏறி நின்று ரிமோட்டை அமுக்கினால் தட்டு அதிரும். அதிர அதிரக் காலில் வலு ஏறுமாம். மலர்க்கொடியின் மகள் எழில்மொழி சென்னையிலிருந்து அனுப்பியிருந்தாள். என் டம்ளர்களை ஆட்டியது மலர்க்கொடியின் வெள்ளோட்டம்.

அவள் கணவர் தங்கையன் தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்ந்தவர். (கம்பெனி பெயரை எழுத மாட்டேன். முதலாளியின் பேரன் இதே தெருவில்தான் இருக்கிறான்.) குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, தைரியம்தான் கூடவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில், அதுவும் மலர்க்கொடி தோளைப் பிடித்துக்கொண்டு. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மெஷினைக் குறைவாக வைத்து தினமும் ஏறி நிற்கட்டும், கால் பழகட்டும், இப்படியே உட்கார்ந்திருந்தால் அப்புறம் படுக்கைதான்.

"அண்ணே, நான் ஏறி நின்னு காட்டட்டா?" என்றேன்.

"நீ ஏறுனா மெஷின் தாங்குமா, மொதல்ல அதப் பாரு."

(இந்த வரியை நீக்கிவிடலாம் என்று இரண்டு முறை யோசித்தேன். என் நேர்மைக்குச் சாட்சியாக இருக்கட்டும்.)

3

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பரிதாபத்துக்குரிய கிழவராக அவரை எழுதிக்கொண்டு போகிறேனோ? உண்மையில் மகா சிடுமூஞ்சி. நாற்றுக்கட்டோடு ஓடிவருகிற பெண்களுக்காக வண்டியை நிறுத்துவார். நிறுத்திவிட்டு அடுத்த ஊர்வரை திட்டிக்கொண்டே போவார். அவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மேல்மூடிமீது உட்கார இடம் கிடைத்தால் எங்களுக்கு அன்றைக்கு யோகம். மார்கழிக் குளிரில் அந்தச் சூடும், வெற்றிலைக் கூடைகளின் வாசனையும், முழங்காலிலிருந்து பல்வரை ஏறுகிற அந்த அதிர்வும்… (இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

மலர்க்கொடி ஒருவழியாக அவரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தட்டின்மேல் கால்களை வைக்கச் செய்தாள். ரிமோட்டை அமுக்கினாள். தட்டு மெல்ல முனகியது. தங்கையன் கண்ணை மூடினார்.

"இது உளுந்துச்செடி" என்றார்.

"என்னங்க?"

"பங்குனி மாசம் ரோட்டுல உளுந்துச்செடியப் பரப்பி வச்சிருப்பாங்கல்ல, வண்டி ஏறி மிதிக்கட்டும்னு. அது மேல போற மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினாள்.

"இப்ப நன்னிலம் ரோடு. மழைக்கு அப்புறம்."

"ரோடெல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க. எந்திரிச்சு நில்லுங்க."

"விசில் குடுக்காம வண்டிய எடுக்கச் சொல்றியா?"

சாக்குதான். ஆனால் அதே நேரம் சமையற்கட்டில் குக்கர் அடுத்தடுத்து இரண்டு விசில் அடித்தது. தங்கையனின் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின. உடம்பு ஒரு சாண் எழும்பியது. அப்புறம் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீங்களாக்கா?" என்றாள் மலர்க்கொடி.

"அது குக்கர்டி" என்று அவர் எரிந்து விழுந்தார். "கண்ட விசிலுக்கும் வண்டிய எடுத்து ஒரு தடவ ஏமாந்தது போதும்."

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். நான் மலர்க்கொடியைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'ஏமாந்தேன்' என்கிற வார்த்தை வந்ததே இல்லை.

4

உங்களுக்கு விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவருடைய கண்டக்டர் அப்துல் ஹமீது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. இருவருக்கும் பேச்சே அவ்வளவுதான், ஆனால் உயிர். கோயில் திருவிழா சமயம். பஸ் ஸ்டாண்டில் ஜே ஜே என்று கூட்டம், கடைக்குக் கடை ஊதல் விற்பனை. ஹமீது இறங்கிப் போய் ஒரு வாழைத்தாரை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, ஏணியிலிருந்து குதித்துத் திரும்புவதற்குள் எங்கிருந்தோ ரெண்டு விசில். தங்கையன் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் இல்லாமலே பஸ் நன்னிலம் போய்ச் சேர்ந்தது. டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு ஹமீது வைக்கோல் டிராக்டர் மேல் உட்கார்ந்து வந்து இறங்கினார். ஊரே சிரித்தது.

"நான் விசில் குடுக்கல."

"எனக்குக் கேட்டுச்சு."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

இவ்வளவுதான் சண்டை. ஹமீது வேறு வண்டிக்கு மாறிக்கொண்டார். எழில்மொழி கல்யாணப் பத்திரிகை, நாலு தெரு தள்ளியிருக்கிற அவர் வீட்டுக்குத் தபாலில் போனது. அவர் மொய்யை ஆள்மூலம் கொடுத்தனுப்பினார்.

5

இப்படிப்பட்ட சரக்கு கைக்கு வந்தபிறகு நான் சும்மா இருப்பேன் என்று நீங்கள் எதிர்பார்க்க மாட்டீர்கள். உறைமோர்க் கிண்ணத்தோடு நேராகக் கடைத்தெருவுக்குப் போனேன். ஹமீது, மகனுடைய செல்போன் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், டிரைவர் ஒத்துக்கிட்டாரு."

"எத?"

"விசில்ல ஏமாந்தேன்னு."

"அவன் வாயாலயா?"

"என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"உங்காதுக்கு வந்துருச்சுன்னா ஊருக்கே வந்த மாதிரிதான்" என்றார். முகம் மாறவில்லை. ஆனால் கை சட்டைப் பைக்குள் போய்ச் சாவிக்கொத்தை எடுத்தது. அதில் அந்தப் பழைய விசில்.

இடுப்பு, டாக்டர், மெஷின், குக்கர், எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வரேன். ஆனா அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"டிரைவர் மூஞ்ச நீங்க எப்ப பாய் பாத்தீங்க? பின்படியிலதான நின்னீங்க."

எழுந்துவிட்டார்.

6

ஹமீது கொல்லைப்பக்கமாக வந்தார். சமையற்கட்டு வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பஸ்ஸில் எப்படியோ அப்படியே. கூடத்தில் தங்கையன் நாற்காலியில், பாதங்கள் தட்டின்மேல், எதிரே பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பி, பக்கத்தில் பீரோக் கண்ணாடி. மலர்க்கொடி ரிமோட்டோடு நின்றாள். எனக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை.

ஹமீது ஒரு விசில் கொடுத்தார்.

தங்கையனின் முதுகு நிமிர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர்கள் திரும்ப மாட்டார்கள். தலையை லேசாகச் சாய்த்து பீரோக் கண்ணாடியில் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, கை நீட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாய்," என்றார், "எல்லாரும் ஏறியாச்சா? நீ ஏறிட்டியா?"

அப்போதுதான் மலர்க்கொடி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க கொஞ்சம் உங்க வீட்டுக்குப் போறீங்களா?"

போனேன். வேறென்ன செய்ய? அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் எழுந்து நிற்கிறார். இன்னொன்றில் ஹமீதுக்குப் பழைய ரோஷம் வந்து கொல்லைப்பக்கமாகவே இறங்கிப் போய்விடுகிறார். மூன்றாவதில் கால் தடுக்கி… இல்லை, அதைக் கிழித்துவிட்டேன். என் கையால் அவரை விழவைக்க மாட்டேன்.

இப்போது நான் என் வீட்டில், அலமாரி முன்னால் நிற்கிறேன். தட்டு அதிர்ந்தால் டம்ளர்கள் சொல்லிவிடும். ஆகவே, வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லாவற்றையும் எடுத்துக் கீழே தரையில் வைத்துவிட்டேன். ஒரு டம்ளரை மட்டும் உங்கள் கையில் தருகிறேன். உங்கள் வீட்டில் எந்தச் சுவர் பக்கத்து வீட்டோடு பேசுகிறதோ, அங்கே கவிழ்த்து வையுங்கள்.

ஒரு விசில் வந்துவிட்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.