பருந்து இருந்த இடம்

பழைய கார்களிலிருந்து கழற்றிப் போட்ட பாகங்கள் காணாமல் போவதில்லை. வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டுமானால் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டோடு இடம் தேடிப் போய் முறையாக அழைக்க வேண்டும். சின்னக் கார்களின் பாகங்கள் போன் செய்தாலே வந்துவிடும். எட்டு சிலிண்டர் கார்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

என் பெயர் மயிலானந்தன். கோயம்புத்தூர் கணபதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழைய வண்டிகளை ஒரிஜினல் மாதிரி ஆக்கிக் கொடுப்பது தொழில். தெய்வசிகாமணி அண்ணன் தன் வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது பின் சீட்டில் அவர் மனைவி தனபாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

அந்த வண்டி கல்யாணத்தின்போது அக்காவுக்கு அவர் அப்பா சீராகக் கொடுத்தது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு, கருநீலத்தில் அமெரிக்கக் கார். பானெட் நுனியில் இறக்கையை விரித்த குரோம் பருந்து. அது தெருவில் இறங்கினால் பெட்ரோல் பங்குக்காரர் எழுந்து நின்று கும்பிடுவார். அவ்வளவு குடிக்கும். அண்ணனின் கிரைண்டர் கம்பெனி நன்றாக ஓட ஆரம்பித்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முன் பம்பர், டெயில் லைட் வளையம், வீல் கப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். கதவுகளில் ஓடிய குரோம் பட்டையான பீடிங்கை எடுத்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார். கிளிப்பச்சை பெயிண்ட் அடித்தார். கடைசியில் பருந்தையும் பிடுங்கிவிட்டு ஒரு பிளாஸ்டிக் சிங்கத்தை வைத்தார். பிரேக் பிடித்தால் அதன் கண் எரியும்.

சிங்கம் வைத்த அன்றைக்கு இரண்டு பேரும் மருதமலை போய்விட்டு வந்தார்கள். அண்ணன் இறங்கி வீட்டுக்குள் போனார். அக்கா இறங்கவில்லை. வண்டி வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி ஆனால்தான் இறங்குவாராம். அண்ணனோடு பேச்சும் நின்றுபோனது. வருஷக்கணக்காக அண்ணன் சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கார் ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டு வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. பிளாஸ்டிக் சிங்கத்தைப் பார்த்ததும் அந்தப் பாவம் போய்விட்டது.

“மயிலு, எப்படியாச்சும் அவளை எறக்கிக் குடுத்துரு. ஊடு ஊடாவே இல்ல” என்றார் அண்ணன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

“நான் ஒண்ணும் கழட்டி மாட்டற சாமான் இல்லீன்னு அவருகிட்டச் சொல்லுங்க மயிலு” என்றார் அக்கா. அண்ணன் ஓரடி தள்ளித்தான் நின்றிருந்தார். இருந்தாலும் சொன்னேன்.

வேலையை ஆரம்பித்தோம். வண்டியை ராம்ப்பில் ஏற்றினால் அக்காவும் கூடவே மேலே போவார். நான் அடியில் நின்று சைலன்சரைக் கழற்றுவேன். அவர் மேலே அவரைக்காய் நறுக்குவார். காம்புகள் என் பிடரியில் விழும். பச்சையைச் சுரண்டிக் கருநீலம் அடித்தபோது ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மற்றபடி தொந்தரவே இல்லாத மனுஷி.

அழைப்புக்கு நானும் அண்ணனும் போனோம். மூத்தவரை முதலில் அழைக்க வேண்டும் என்பதால் முன் பம்பரிடம் போனோம். பேரூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்தது. முகூர்த்த நாட்களில் கூப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு தட்டை வாங்கிக்கொண்டது. கதவு பீடிங் இரண்டும் திருப்பூரில் இருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று முகம் கொடுப்பதில்லை. தனித்தனியாக அழைத்து, வண்டிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும்தான் இருக்கப் போகிறீர்கள், பார்த்துக்கொள்ளவே வேண்டியதில்லை என்று சமாதானம் சொன்னோம். டெயில் லைட் வளையம் சிங்காநல்லூரில் ஒரு ஸ்கூட்டர் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு குடும்பமாகிவிட்டிருந்தது. நாங்கள் கிளம்பும்போது ஹெட்லைட் வாசலில் மங்கலாக எரிந்தபடி நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் வளையத்தை வீட்டுக்கு அனுப்பி வைப்பதாக வாக்குக் கொடுத்தோம்.

பருந்துதான் வரவில்லை. ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தது. எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தது.

“பரீட்சை நேரமுங்க. ரிட்டயர் ஆகட்டும், கண்டிப்பா வர்றேன்” என்றது. பிறகு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, “அன்னிக்கு ஸ்க்ரூடிரைவர்ல நெம்புனீங்களே, இன்னமும் குளிர் காலத்துல அந்த எடம் வலிக்குதுங்க” என்று சொன்னது.

மேட்டுப்பாளையம் வரும் வரை அண்ணன், பருந்து வாங்காத தட்டை மடியில் வைத்து வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பருந்து தவிர எல்லாவற்றையும் மாட்டி முடித்தோம். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஐடிலிங்கில் நிற்கவில்லை. நாலு உறுமல் உறுமிவிட்டு அணைந்துவிடும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன். எங்காவது காற்று இழுக்கிறதா என்று ஒவ்வொரு ஹோஸாகப் பார்த்தேன். எதிலும் குறையில்லை. அப்புறம்தான் புரிந்தது, யாரோ கோபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பின் பக்கம் இடது வீல் கப். அது வேறெங்கும் போகவில்லை. என் ஒர்க்‌ஷாப்பிலேயே, மண்ணெண்ணெயில் நட்டு போல்ட் ஊறப்போடும் கிண்ணமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நம்ம வீட்டு ஆள்தானே என்று அழைக்காமலே துடைத்து மாட்டிவிட்டேன். ஊரெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டு அடுத்த வீட்டை விட்டுவிடுகிற அதே புத்தி. உடனே தட்டை எடுத்துப் போய்ச் சக்கரத்தின் முன்னால் நின்று அழைத்தேன். அடுத்த ஸ்டார்ட்டில் இஞ்சின் மேல் வைத்த டீ டம்ளர் ததும்பவில்லை.

கியர் போட்டதும் மறுபடியும் அணைந்தது. கிளட்ச்சைப் பார்த்தேன். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றினேன். அப்படியும் அணைந்தது. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது பின் சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“வீல் கப்புக்குக் கூட வெத்தலை பாக்கு வெச்சாச்சு. இந்த வண்டியோட வந்தவ ஒருத்தி இங்கதான் உக்காந்திருக்கறா. அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் அன்னிக்குக் கழட்டுனாரா, இன்னிக்கு மாட்டறாரான்னு கேளுங்க மயிலு.”

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் தட்டை எடுத்தார். எடுத்த அவசரத்தில் ஒரு வாழைப்பழம் உருண்டு ராம்ப்புக்கடியில் போய்விட்டது. மீதியோடு ஜன்னலருகே போய் நின்றார்.

“பாக்கியம், உன் வண்டி. உன்னைக் கேக்காமக் கையை வெச்சது தப்புதான். ஊட்டுக்கு வா சாமி.”

அக்கா தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்தார். நேராக அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

“ஏனுங்க, பருந்து எங்கீங்க?”

“ரிட்டயர் ஆனாத்தான் வருமாம்.”

“அதுவரைக்கும் அந்த எடம் மொட்டையா இருந்தா, வந்த அன்னிக்கு இருந்த வண்டி ஆகுமுங்களா?”

அண்ணன் யோசித்தார். செருப்பைக் கழற்றி என் டூல் பாக்ஸ் பக்கத்தில் வைத்தார். பானெட்டில் ஏறி, நுனியில் பருந்து இருந்த இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்தார்.

அக்கா இறங்கினார். சேலையை உதறிக்கொண்டு முன்னால் வந்து, அண்ணனின் இடது கையைக் கொஞ்சம் உயர்த்திச் சரி செய்தார். பிறகு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து கியர் போட்டார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் போனது. கணபதி பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தது. வழியில் பெட்ரோல் பங்குக்காரர் எழுந்து நின்று கும்பிட்டாராம்.

“எல்லாம் நல்லாருக்குதுங்க மயிலு. இவருதான் கொஞ்சம் மங்கலாத் தெரியறாரு” என்றார் அக்கா.

வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். உண்மைதான். அண்ணனுக்கு முறைப்படி செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று பூச்சும் கொடுத்தோம். காது மடிப்புகளில் மட்டும் கையால் பாலிஷ் போட வேண்டியிருந்தது. அக்கா வண்டியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். காலையில் காபியோடு கார் ஷெட்டுக்கு வந்து, ஈரத் துணியால் அண்ணனைத் துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருப்பார். அண்ணன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கிரைண்டர் கம்பெனியில் அண்ணனின் நாற்காலிக்கு பிளாஸ்டிக் சிங்கத்தை முறையாகத் தட்டு வைத்து அழைத்திருக்கிறார்கள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறதாம்.