ஆப்பிள் மரத்துக்கு ஒரு பாலம்

கியூஸ்தெண்டில் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். பின்புறம் ஒன்பது ஆப்பிள் மரங்கள். ஏழாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் ருமியானா இரண்டு பேருக்கு ஒரு மரம் என்று பிரித்துக் கொடுத்தார். எனக்கும் பிளாமெனுக்கும் கிடைத்தது இளமரம், என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமன். பட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து வரைய வேண்டும். "நகம் அளவு துண்டு போதும்" என்று டீச்சர் சொல்லித்தான் அனுப்பினார்.

ஏப்ரல் மாதம். கத்தியால் கீறியதும் பட்டை வழவழவென்று கழன்று வந்தது. அடியில் ஈரமான வெள்ளை. கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சுற்றிலும் உரித்து, மூன்று விரல் அகலத்துக்கு முழு வளையமாக எடுத்துவிட்டேன். தாளில் ஒட்டினால் வகுப்பே அசந்துபோகும் என்று நினைப்பு.

டீச்சர் வந்து பார்த்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ராலிட்சா, தண்ணி உள்கட்டை வழியா மேல போகும். இலை சமைக்கிற சாப்பாடு எது வழியா கீழ வரும்?"

"பட்டை வழியா..." என்று இழுத்தேன்.

"இப்போ வழி அடைஞ்சுபோச்சு. இலை பச்சையாத்தான் இருக்கும். வேர் பட்டினி கிடந்து செத்துடும்."

"கொலைகாரி!" என்றான் பிளாமென். "அது என் மரமும்தான்டி!"

வளையம் அதற்குள் வெயிலில் சுருண்டு காய்ந்திருந்தது. திரும்பப் பொருத்தவும் வழியில்லை. அன்று மாலை முழுக்க அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கேட்டேன். "டீச்சர், மேலயும் கீழயும் பட்டை உயிரோடதானே இருக்கு? நடுவுல குச்சி வெச்சுப் பாலம் கட்டினா சாப்பாடு இறங்காதா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "இறங்கும். அப்படி ஒட்டுப் போடறது உண்டு. ஆனா தளிர் விடாத குச்சி வேணும். இப்போ எல்லா மரமும் துளிர்த்தாச்சு, எங்க போறது?"

"எங்க நிலவறையில இருக்கு," என்றான் பிளாமென், என்னைப் பார்க்காமலே. "பிப்ரவரியில ஒட்டுப் போடறதுக்குன்னு அப்பா வெட்டின ஆப்பிள் குச்சி. ஈரமணல்ல புதைச்சு வெச்சிருக்காரு."

ஆறு குச்சிகள். இரண்டு முனையையும் சீவி, பட்டைக்கு அடியில் செருகி, சின்ன ஆணி அடித்து, தேன்மெழுகு பூசினோம். தலைகீழாகச் செருகினால் பிடிக்காது. அதனால், வசந்தத்தை வரவேற்க எங்கள் ஊர் வழக்கப்படி மார்ச் முதல் தேதி கையில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை நூலை அவிழ்த்து, நுனிப்பக்கம் அடையாளம் கட்டினேன்.

"நல்லா இறுக்கிக் கட்டு. உனக்குத் தலை எது கால் எதுன்னே தெரியாது," என்றான்.

மே மாதம் இரண்டு குச்சிகள் காய்ந்து போயின. நான்கில் மொட்டு வந்தது. பாலம் கிளையாகிவிடக் கூடாது என்று அந்த மொட்டுகளைத் தேய்த்து உதிர்க்கச் சொன்னார் டீச்சர். உதிர்க்கும்போது அழுதுவிட்டேன்; சந்தோஷம்தான்.

அக்டோபரில் அளந்து பார்த்தோம். பென்சில் கனமிருந்த குச்சிகள் என் கட்டைவிரல் அளவு பருத்திருந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"யாரு இப்படிப் பண்ணினது?" என்று ஒருத்தி கேட்டாள்.

பிளாமென் என்னைக் காட்டினான். "வெட்டினதும் இவதான், காப்பாத்தினதும் இவதான். கையில கத்தி இருந்தா பக்கத்துல போகாதீங்க."

மறு வசந்தத்தில் அந்த மரம் பூத்தது.